'கோலங்கள்' காட்டும் தந்தை – மகள் உறவு

தொலைக்காட்சித் தொடர் என்றாலே மாமியார் மருமகள் சண்டைதான் என்று எண்ணுவோர் பலர். தந்தைக்கும் மகளுக்கும் இடையே உள்ள மனச்சிக்கலைச் சொன்ன தொடரும் ஒன்று உண்டு. திருச்செல்வம் இயக்கத்தில் 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பான 'கோலங்கள்' தான் அது. அன்னூர் வட்டாரத்து வீடுகளில் அப்பாரும் அம்மிச்சியும்கூட அறிந்த கதை.

கதைத்தலைவி அபியாக நடித்தவர் தேவயானி. அபியின் தந்தை ஈஸ்வரமூர்த்தி, மனைவி கற்பகத்தையும் பிள்ளைகளையும் பிரிந்து வேறு குடும்பம் அமைத்துக் கொண்டவர். அவர் ஆற்ற வேண்டிய கடமைகளை மூத்த மகள் சுமக்கிறாள். கட்டடத் தொழிலில் முன்னேறுகிறாள். தந்தையின் மற்றக் குடும்பத்து மகன் ஆதித்யாவே அவளுக்குப் பகைவனாகிறான். கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்திலும் தந்தை கைவிட்ட குடும்பத்தை மகளே தாங்கினாள். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இத்தகைய கதை மக்கள் மனத்தைத் தொட்டதென்றால், பல வீடுகளில் இது நடப்பதே காரணம் அன்றோ?

இத்தகைய தந்தையை மகள் மதிக்க வேண்டுமா? தாய் தந்தையரைப் பேணச் சொல்லும் நான்காம் கட்டளையில், 'தந்தை நல்லவராயிருந்தால்' என்னும் நிபந்தனை இல்லை. ஆயினும் புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பித்த கையோடு, தந்தையரும் பிள்ளைகளுக்குச் சினமூட்டலாகாது என்று அறிவுறுத்துகிறார். ஆகவே கடமை இருபுறமும் உண்டு. நாட்டுச் சட்டமும் அவ்வாறே. பிள்ளைகளைப் பராமரிப்பது தந்தையின் கடமை. வசதியுள்ள மகள், மணமானவளாயினும், தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதிப்பது வேறு, தவற்றைச் சரியென்பது வேறு. நோயிலும் முதுமையிலும் தந்தைக்குக் கஞ்சி வார்ப்பதும், அவரைப் பிறர்முன் இழித்துப் பேசாதிருப்பதும் மதிப்பாகும். அவர் தாய்க்கு இழைத்த துன்பத்தை 'இது தவறு' என்று பணிவோடு எடுத்துச் சொல்வதும் அன்பே. உடனே மன்னிக்க மனம் வரவில்லையே என்று வருந்தும் மகள் கெட்டவள் அல்லள். மன்னிப்புக்கு நாள் பிடிக்கும். அதற்காகச் செபிப்பதே நல்ல தொடக்கம்.

மேலும், அபியைப் போல் குடும்பச் சுமை முழுவதையும் தனியே தாங்க வேண்டும் என்று எந்த மாணவியும் எண்ண வேண்டியதில்லை. அன்னையிடமும் ஆசிரியையிடமும் அருட்சகோதரியிடமும் மனம் திறந்து பேசலாம்.

தோழியரே! தேர்ச்சி அறிக்கையில் தந்தையின் கையொப்பம் கேட்கும் நாளில், நம் வகுப்பிலும் ஒருத்தி தலைகுனிந்து நிற்கக்கூடும். 'உன் அப்பா எங்கே?' என்று அவளைத் துருவிக் கேளாதிருப்போம். தந்தையின் பிழை மகளின் குறை அன்று.