தம்பியின் காதில் தாத்தாவின் குரல்

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். லயத்துக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. இரவில் தூங்குவதில்லை, செத்துப்போன தாத்தா கூப்பிடுகிறார் என்கிறான். முனி அடித்துவிட்டதென்று அம்மா கோடாங்கி பார்க்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
- கி. ச., கலஹா

பதில்: பயப்படாதீர்கள் மகள். தம்பியை நேரில் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய நோயாகத்தான் தெரிகிறது. பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப்பெயரே நம் நாட்டில் வசவாகிப்போனது பாவம். கண்டியிலும் பேராதனையிலும் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள்.

அம்மாவைக் கோபிக்க வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ரோதமுனியைக் காவல் வைத்தவர்கள் நாம். நானும் லயத்தில் வளர்ந்தவன். காய்ச்சல் வந்தால் திருநீறும் கிடைக்கும், டிஸ்பென்சரி மருந்தும் கிடைக்கும். அயலில் சிங்களவர்கள் முனி அடிப்பது போன்றதை ‘தனிகம’ என்பார்கள்: தனித்திருந்தவனைப் பேய் தீண்டிய தோஷம். கொழும்பில் தனியாகக் கிடந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது, இல்லையா?

மருத்துவத்தில் தம்பியின் நிலையைச் சைக்கோசிஸ் (மனம் காட்டுவதையும் வெளியே நடப்பதையும் பிரித்தறிய முடியாத நிலை) என்று சந்தேகிப்போம். பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்கும். பரம்பரை, தூக்கமின்மை, கஞ்சா, ஐஸ் போதை எல்லாம் காரணமாகலாம். போதைப் பழக்கம் உண்டா என்று தம்பியிடம் அதட்டாமல் கேளுங்கள்.

ஏன் தாத்தாவின் குரல்? டான்யா லுர்மன் என்ற மானிடவியலாளர் சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் கலிஃபோர்னியா ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் நோயாளர்கள் 20 பேர் வீதம் சந்தித்துப் பேசினார். கலிஃபோர்னியாவில் பலருக்குக் கேட்டது வெட்டு, குத்து என்ற கொடூரப் பேச்சு. சென்னையில் பலருக்குக் கேட்டதோ சொந்தக்காரர் குரல். வீட்டு வேலையைச் செய் என்று ஏவும், கண்டிக்கும். நோய் ஒன்றுதான், யார் குரலில் பேசுவது என்பதில் ஊருக்கும் உறவுக்கும் பங்கிருக்கிறது.

பூசை நடக்கட்டும். அடி, புகை, பட்டினி மட்டும் கூடவே கூடாது. கட்டிப்போடவும் கூடாது. தமிழ்நாட்டு ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளர்கள் தப்பியோட முடியாமல் இறந்துபோனார்கள். டொக்டர் தரும் மருந்தை நிறுத்தும்படி கோடாங்கி சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று. கிளினிக்கில் டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். அவர் ‘பிஸ்ஸு’ (பைத்தியம்) என்ற ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துவிடக் கூடாது. எத்தனை நாளாகத் தூக்கமில்லை, தாத்தா என்ன சொல்கிறார், அம்மா ஏன் முனி என்கிறார் என்பதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுங்கள். முனி கதையைக் கேட்டு டொக்டர் சிரிப்பார் என்று மறைக்க வேண்டாம். என்னைப் போன்ற டொக்டர்களுக்கு அது நோயின் வரலாறு.

செத்துப்போ என்று குரல் சொல்வதாகத் தம்பி சொன்னால், விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே கொண்டுபோங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் எந்த நேரமும் இருக்கிறது. குரல் அப்படிச் சொல்லாவிட்டாலும் இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.