கிளை எண்ணும் பதிவேடும்
(சங்க நிர்வாகப் பாடம்)

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உடைமைகள் யாவை என்று வினவினால், கட்டிடம், கிடங்கு, தராசு, நூல் இருப்பு, வங்கியிலுள்ள தொகை என்று வரிசையாகக் கூறிவிடுகிறோம். சங்கத்தின் தொலைபேசி எண்ணை அவ்வரிசையில் சேர்ப்போர் அரியர். ஆயினும், விளாத்திகுளத்துக் கரிசல் காட்டிலிருந்து பருத்தி விலையை விசாரிக்கும் விவசாயிக்கும், சிட்டா நூல் வந்துவிட்டதா என்று எட்டயபுரத்திலிருந்து கேட்கும் நெசவாளருக்கும், தூத்துக்குடியிலுள்ள தலைமை அலுவலகம் என்பது பெரும்பாலும் அந்த எண்ணும், அதில் விடையளிக்கும் குரலுமேயாகும். அக்குரல் "இங்கே இல்லை, வேறு எண்ணில் கேளுங்கள்" என்று மூன்று முறை கூறுமானால், நான்காம் முறை அவர் அழைக்க மாட்டார், தரகரிடம் போய்விடுவார். ஆகவே, அலுவலகத்தின் உட்பிரிவுகளுக்கு எண் வகுத்து அதனை ஒழுங்காகப் பேணுவது, கணக்கு எழுதுவதைப் போன்றே சங்கப் பணியாகும். அம்முறையை இப்பாடத்தில் காண்போம்.

எண் பிறந்த வரலாறு

தொலைபேசி தோன்றிய புதிதில் எண்களே இல்லை. இன்னாருடன் பேசவேண்டும் என்று பெயரைச் சொன்னால், இணைப்பகத்தில் அமர்ந்திருப்பவர் உரிய கம்பியைச் சேர்த்துவிடுவார். 1879-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் தட்டம்மை பரவியது. அவ்வூர் மருத்துவர் மோசஸ் கிரீலி பார்க்கர் என்பார் ஓர் ஆபத்தை உணர்ந்தார். இணைப்பகத்தில் பணிபுரிந்தவர் நால்வர். சந்தாதாரர்களோ இருநூற்றுக்கு மேற்பட்டோர். எவருக்கு எந்தக் கம்பி என்பது அந்நால்வரின் நினைவில்தான் இருந்தது. அவர்கள் நோயில் வீழ்ந்தால் புதியவர் எவராலும் அவ்வேலையைச் செய்ய இயலாது. எனவே, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஓர் எண் கொடுத்துவிடலாம் என்று அவர் யோசனை கூறினார் என்பது தொலைபேசி வரலாற்றில் வழங்கும் செய்தி.

இந்நிகழ்ச்சியில் நமக்குரிய படிப்பினை ஒன்று உண்டு. எண் என்பது வெறும் அடையாளம் அன்று. தனி மனிதர் நினைவில் இருக்கும் செய்தியை எல்லோருக்கும் பொதுவாக்கும் கருவி. சங்கத்தின் கணக்கைக் காரியதரிசியின் மனத்தில் வைத்திராமல் பேரேட்டில் எழுதுவது எக்காரணத்தாலோ, அதே காரணத்தால்தான் கிளை எண்ணும் ஏற்பட்டது.

கிளை எண் என்பது யாது?

எக்ஸ்டென்ஷன் நம்பர் என்று வழங்குவதையே இங்குக் கிளை எண் என்கிறோம். வெளியிலிருந்து அலுவலகத்திற்கு இரண்டு அல்லது மூன்று கம்பிகளே வரும். உள்ளே இருபது மேசைகள் இருக்கலாம். இவ்விரண்டையும் இணைக்கும் பெட்டியே இ.பி.ஏ.பி.எக்ஸ். எனப்படும் உள் இணைப்பகம். ஒவ்வொரு மேசைக்கும் அது ஒரு சிறு எண்ணைத் தருகிறது. உள்ளே ஒருவரோடொருவர் பேச அச்சிறு எண் போதும், கட்டணமும் இல்லை.

இங்கே முதலாவதாக மனத்திற்கொள்ள வேண்டிய விதி: எண் பணிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. நூல் கிடங்கின் எண் என்றும் நூல் கிடங்கின் எண்ணே. அங்கு யார் மாற்றலாகி வந்தாலும் சென்றாலும் அது மாறலாகாது. முத்துக்குளித்துறையினராகிய நமக்கு இது புதிதன்று. 1961-ஆம் ஆண்டுடன் நின்றுபோன முத்துக்குளிப்பில், மூழ்குபவரின் கயிற்றைப் படகின்மேல் ஒருவர் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தவுடன் அவர் இழுத்தாக வேண்டும். அன்று கயிறு பிடிப்பவர் யார் என்பது தீர்மானமாகாமல் எவரும் கடலில் இறங்கியதில்லை. அதுபோல, ஒவ்வொரு கிளை எண்ணுக்கும் விடையளிக்கும் பொறுப்பாளர் ஒருவரும், அவர் இல்லாதபோது எடுப்பவர் ஒருவரும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எண் வகுக்கும் முறை

உள் இணைப்பகம் நாம் அழுத்தும் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. ஆகவே முதல் இலக்கமே வழியைக் காட்டுவது. நம் நாட்டில் பல அலுவலகங்களில் 0 என்பதை வெளிக்கம்பிக்கும், 9 என்பதை ஆபரேட்டருக்கும் ஒதுக்குவது வழக்கம். 1-இல் தொடங்குவன நாட்டின் அவசர எண்கள்; அவற்றைத் தொடலாகாது. எஞ்சுவன 2 முதல் 8 வரை ஏழு இலக்கங்கள். இரண்டிலக்க எண்களாக வகுத்தால் எழுபதும், மூன்றிலக்கமாக வகுத்தால் எழுநூறும் கிடைக்கும்.

ஒரே அலுவலகத்தில் சில எண்கள் இரண்டிலக்கமாகவும் சில மூன்றிலக்கமாகவும் இருத்தல் கூடாது. 21 என்பது கணக்கர் என்றும், 215 என்பது கிடங்கு என்றும் வைத்தால், 2, 1 என்று அழுத்தியவுடன் இணைப்பகம் திகைக்கும். கணக்கரை அழைப்பதா, மூன்றாம் இலக்கத்திற்குக் காத்திருப்பதா என்பது அதற்குத் தெரியாது. சில பெட்டிகள் சில விநாடி காத்திருந்து கணக்கரை அழைக்கும். சில பெட்டிகளில் கிடங்கிற்கு மணி அடிக்கவே அடிக்காது.

மாதிரிக்கு ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு நெசவுப் பிரிவும் விளைபொருள் பிரிவும் உண்டு. எண்களை இவ்வாறு வகுக்கலாம்:

200 முதல் 299 வரை: நிர்வாகமும் கணக்கும்.
300 முதல் 399 வரை: நூல், சாயம், துணி இருப்பு.
400 முதல் 499 வரை: பருத்தி, மிளகாய், வாழை முதலிய கொள்முதல்.
500 முதல் 599 வரை: விற்பனை, துறைமுகச் சரக்கு அனுப்புதல்.
600 முதல் 699 வரை: காவல், பொதுப் பணி.
700-க்கு மேற்பட்டவை: வருங்காலத் தேவைக்கு.

முதல் இலக்கத்தைக் கண்டதும் பிரிவு விளங்கும். ஒவ்வொரு நூறிலும் நான்கைந்து எண்களே இப்போது வழங்கப்படும். மற்றவை காலியாகவே இருக்கட்டும். காலியிடம் விரயமன்று, வளர்ச்சிக்கு இடம். நம் நாட்டின் 2003-ஆம் ஆண்டுத் தேசிய எண் திட்டத்திலும் இக்கருத்தே காணப்படுகிறது. அத்திட்டப்படி ஊர்க் குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கம். தூத்துக்குடிக்கு 461 என்னும் மூன்றிலக்கக் குறியீடு. ஆதலால் உள்ளூர் எண் ஏழிலக்கம். திருச்செந்தூருக்கு 4639 என்னும் நான்கிலக்கம். ஆதலால் அங்கே ஆறிலக்கம். பி.எஸ்.என்.எல். தரைவழி எண்கள் 2-இல் தொடங்குகின்றன. பழைய எண்ணை அழிக்காமல் முன்னால் 2 சேர்க்கப்பட்டதால், ஏற்கனவே எண்ணை அறிந்திருந்தோர் ஓர் இலக்கத்தை மட்டும் நினைவிற்கொண்டால் போதுமாயிற்று. எண்ணை மாற்ற நேர்ந்தால் இவ்வாறே மாற்றுதல் நலம்.

அவசர எண்கள்

இப்பகுதியை நிர்வாகிகள் ஊன்றிப் படிக்கவேண்டும். 112 பொது அவசர உதவிக்கும், 108 ஆம்புலன்சுக்கும், 101 தீயணைப்புக்கும், 1554 கடலோரக் காவல் படைக்கும், 1930 இணையவழிப் பண மோசடி பற்றிய முறையீட்டிற்கும் உரியவை. கிடங்கிற்கு 112 என்று கிளை எண் வைத்தால், சாயக் கொதிகலனருகே ஒருவர் தீப்புண்பட்டபோது செய்யும் அழைப்பு, பூட்டிய கிடங்கில் மணியடித்துக்கொண்டிருக்கும்.

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து விடுதியொன்றில் ஒரு பெண் தாக்கப்பட்டார். உடனிருந்த ஒன்பது வயது மகள், தனக்குக் கற்பித்தபடியே 911 என்னும் அவசர எண்ணை நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு செல்லவில்லை, ஏனெனில் அவ்விடுதித் தொலைபேசியில் வெளிக்கம்பி பெற முதலில் 9 அழுத்தவேண்டும். அதைச் சிறுமி அறியாள். தாய் உயிரிழந்தார். இதன் பின்னர், முன்னிலக்கம் ஏதுமின்றி 911 நேரே செல்லவேண்டும் என்று 2018-இல் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது.

நம் சங்கங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. 112 என்று அழுத்தினாலும், 0 அழுத்திப் பின் 112 அழுத்தினாலும், இரு வழியாலும் அழைப்பு வெளியே செல்லும்படி இணைப்பகத்தை அமைக்குமாறு அதனை நிறுவுவோரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. அமைத்தபின், 112 அலுவலர்களிடம் சோதனை அழைப்பு என்பதைத் தெரிவித்து ஒரு முறை சரிபார்ப்பதும் அவர்களிடமே செய்விக்கவேண்டும்.

மற்றொரு சிறு குறிப்பு: 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்க எண்ணுக்கு முன் 0 சேர்க்கவேண்டும். வெளிக்கம்பிக்கும் 0 என்றால் இரண்டு 0 அழுத்தவேண்டும். இதனை ஒவ்வொரு கருவியின் மேலும் சீட்டாக ஒட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கிளை எண் பதிவேடு

அங்கத்தினர் பதிவேட்டை நாம் எவ்வாறு எழுதுகிறோம்? ஓர் அங்கத்தினர் விலகினால் அவர் எண்ணை மறுநாளே மற்றொருவருக்குக் கொடுப்பதில்லை. பழைய வரியை அழிப்பதுமில்லை, தேதியிட்டு முடித்துவைக்கிறோம். கிளை எண்ணுக்கும் அவ்வாறே. ஒரு நோட்டில் கீழ்க்கண்ட பத்திகள் போதும்: கிளை எண், பணி, அறை, கம்பி சேரும் இடம், பொறுப்பாளர் பதவி, மாற்றாள் பதவி, வெளி அழைப்பு உரிமை, மாற்றிய தேதி, காரியதரிசியின் கையொப்பம்.

நீக்கிய எண்ணை ஓராண்டேனும் ஓய்வாக வைத்திருக்க வேண்டும். அக்காலத்தில் அவ்வெண்ணுக்கு வரும் அழைப்பு ஆபரேட்டரிடம் செல்லட்டும். கொள்முதல் பிரிவின் பழைய எண்ணைக் கணக்கருக்குக் கொடுத்தால், விலை கேட்கும் விவசாயிகளுக்கு விடை சொல்வதிலேயே கணக்கரின் காலை வேளை கழியும்.

நோட்டின் படியொன்று பெட்டியருகே தொங்கட்டும். ஒன்று காரியதரிசியிடம் இருக்கட்டும். கணினியில் மட்டும் வைத்திருப்பது போதாது. மின்சாரம் இல்லாதபோதே அது அதிகம் தேவைப்படும்.

வெளி அழைப்பு உரிமை

எல்லாக் கிளைகளுக்கும் எல்லா உரிமையும் வேண்டுவதில்லை. காவலர் அறைக்கு உள்ளழைப்பும் அவசர எண்களும் போதும். சரக்கு அனுப்பும் பிரிவுக்கு வெளியூர் உரிமை அவசியம். கண்டெய்னர் துறைமுகத்தை அடையவேண்டிய நேரம் தப்பினால், துணிமூட்டை அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேரிடும். வெளிநாட்டு உரிமை ஓரிரு மேசைகளுக்குமேல் வேண்டா.

பெட்டியுடன் வரும் 1234, 0000 போன்ற தொடக்கக் கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றுக. எங்கோ இருப்பவர் அதனுள் புகுந்து, நம் கம்பி வழியே இரவெல்லாம் வெளிநாட்டுக்கு அழைப்புகள் செய்து, அங்கத்தினர் பணத்தில் கட்டணம் ஏற்றும் மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. தணிக்கையின்போது கட்டணச் சீட்டைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கவேண்டும்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

கடற்கரை ஊரில் உப்புக் காற்று செம்புக் கம்பியின் முனைகளைப் பச்சை பூக்கச் செய்யும். குரல் கரகரப்பதும், மணி இடையில் அறுவதும் இதனாலேயே நேர்வது உண்டு. ஐப்பசி மழைக்கு முன் இணைப்பு முனைகளைத் துடைத்து இறுக்கச் செய்க.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் கண்ட வெள்ளத்தை எவரும் மறவார். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாலைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது, கைபேசிச் சேவையும் பல இடங்களில் தடைப்பட்டது. அத்தகைய நாளில் தரையோடு வைத்த பெட்டி முதலில் மூழ்கும். இணைப்பகத்தை ஆளுயரத்திற்குமேல் சுவரில் பொருத்துக. பாட்டரியின் வலிமையை மாதந்தோறும் சோதிக்க. மின்சாரமும் பாட்டரியும் ஓய்ந்தால், ஒரு வெளிக்கம்பி தானாகவே ஒரு சாதாரணக் கருவியில் சேரும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதைக் கேட்டு வாங்குக; அக்கருவி எங்குள்ளது என்பதைக் காவலரும் அறிந்திருக்கட்டும்.

கைபேசி இருக்க இது எதற்கு?

பலர் கேட்கும் கேள்வி இது. கைபேசி பயனுள்ளதே; அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் கைபேசி எண் ஆளுக்கு உரியது. பத்தாண்டு பணிபுரிந்த அலுவலர் ஒருவர் ஓய்வு பெறும்போது, அவர் கைபேசி எண்ணை மட்டுமே அறிந்த அங்கத்தினர் நூற்றுவரும் சங்கத்தோடு தொடர்பற்றுப் போகின்றனர். எண் அவருடையது, நம்பிக்கையோ சங்கத்தினுடையது. பங்குத்தொகையை எவரும் தம் வீட்டிற்கு எடுத்துச் செல்ல நாம் விடுவதில்லை. அங்கத்தினர் தொடர்பையும் அவ்வாறே காக்கவேண்டும். கைபேசிக்கு அழைப்பு செல்லவேண்டுமாயின், கிளை எண்ணிலிருந்து அதற்குத் திருப்பிவிடலாம். அங்கத்தினர் அறிந்திருப்பது சங்கத்தின் எண்ணாகவே இருக்கட்டும்.

பதிவுக் குரல் வைப்போர், தமிழில் நான்கு வழிகளுக்கு மேற்படாமல் கூறி, எதையும் அழுத்தாதவரை ஒரு மனிதரிடம் சேர்ப்பிக்கவேண்டும். தறியில் கை வைத்துக்கொண்டே பேசுபவர் பொத்தானைத் தேடிக்கொண்டிரார்.

பயிற்சி

1. உங்கள் அலுவலகக் கிளை எண்களை எழுதி, 1-இல் தொடங்குவன உள்ளனவா என்று பார்க்கவும்.
2. ஒவ்வொரு எண்ணுக்கும் மாற்றாள் குறிக்கப்பட்டுள்ளாரா?
3. வெளியிலிருந்து ஓர் அங்கத்தினரைப்போல் அழைத்து, நூல் இருப்பை அறிய எத்தனை பேரிடம் பேசவேண்டியிருக்கிறது என்று எண்ணவும். இருவருக்கு மேற்பட்டால் எண் வகுப்பைத் திருத்தவும்.
4. மின்சாரத்தை நிறுத்தி, எந்தக் கருவி பேசுகிறது என்று சோதிக்கவும்.
5. பதிவேட்டை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் பெறவும்.