கனமான இரும்பு நகராதாம்!

தண்டவாளம் ஏற்றிய ட்ரெய்லர் நிற்கும் இடத்தில் இந்த வசனம் காதில் விழாமல் இருப்பதே இல்லை: "இவ்ளோ வெயிட்டு சார், எங்க நகரப் போகுது?" ஏற்றுகிற மேஸ்திரி சொல்கிறார், வண்டி ஓனர் சொல்கிறார், சைட் இன்ஜினியரும் சொல்கிறார். கல்லூரியில் இயக்கவியல் படித்த அந்த மூன்றாவது ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எடை கூடினால் உராய்வு கூடும், சரி. ஆனால் பிரேக் அடிக்கும்போது சரக்கை முன்னே தள்ளும் விசையும் அதே அளவில் கூடுகிறதே! இரண்டு பக்கமும் எடை இருப்பதால் கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது எதன்மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்ற ஒன்றுதான். இரும்பின்மேல் இரும்பு என்றால் உராய்வுக் கெழு 0.1, 0.2 என்ற அளவில் நிற்கும். மழை நனைத்தாலோ எண்ணெய் பட்டாலோ அதுவும் குறையும். லாரிச் சுமை முன்பக்கமாகத் தன் எடையில் 0.8 பங்கு விசைக்குப் பிடிபட்டிருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை.

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஓங்கிப் பிரேக் அடித்தால் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். 0.15 உராய்வை மட்டும் நம்பிக் கிடக்கும் தண்டவாளம் நிற்க 40 மீட்டர் வேண்டும். வழியில் இருப்பது டிரைவர் கேபின்.

"பெல்ட் போட்டிருக்கோமே" என்பார்கள். நம் ரயில்வேயின் மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளத்தில் 13 மீட்டர்த் துண்டு ஒன்று 780 கிலோ. 32 துண்டு ஏற்றினால் 25 டன். மேலே குறுக்காகப் போடும் பெல்ட் சரக்கைப் பிடித்து நிறுத்துவதில்லை. கீழே அழுத்தி உராய்வைக் கூட்டுகிறது, அவ்வளவே. பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டைக் கையால் முறுக்கினால் பக்கத்துக்குச் சுமார் 400 கிலோ இழுவிசை வரும். வெறும் இரும்பின்மேல் இரும்பாக அடுக்கிய 25 டன்னை அப்படி நிறுத்த நூற்றுக்கு மேல் பெல்ட் வேண்டும். நான் பார்க்கும் வண்டிகளில் நாலு இருந்தால் அதிகம். அதே சுமைக்கு ஒவ்வொரு அடுக்கின் அடியிலும் ரப்பர் பாய் விரித்தால் உராய்வு 0.6 வரை ஏறும். பத்துப் பன்னிரண்டு பெல்ட்டில் கணக்கு முடிந்துவிடும். அடிப்பாகத்தில் மட்டும் பாய் போட்டு ஏமாற்றுவது நடக்காது. கரும்புக் கட்டின் நடுவிலிருந்து ஒரு கழியை உருவுவதுபோல் நடு அடுக்குத் தண்டவாளம் உருவிக்கொண்டு வரும். சரக்கின் முன்முனை வலுவான தடுப்பில் முட்டியிருக்க வேண்டும். முட்டாமல் முன்னால் இடைவெளி விட்டு ஏற்றினால் தடுப்பு இருந்தும் பயன் பாதிதான்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தர மாட்டேன். நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டினால் போதுமாம். பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்ற சலுகையையே 2014இல் மோட்டார் வாகன விதியிலிருந்து எடுத்தாயிற்று. துணி யாரையும் காப்பாற்றாது.

தண்டவாளம் முரட்டு இரும்பு, எப்படி வேண்டுமானாலும் தள்ளி இறக்கலாமாம். அதில் கார்பன் 0.6 முதல் 0.8 சதவீதம், வீடு கட்டும் கம்பியைவிட இரண்டு மூன்று மடங்கு. உறுதி அதிகம், அடியையும் கீறலையும் பொறுக்கும் குணம் குறைவு. இறக்கும்போது விழுந்த பள்ளத்திலிருந்து பின்னாளில் வெடிப்பு கிளம்பும், மேலே ரயில் ஓடும்போது.

எல்லா இடத்திலும் இறுக்கிக் கட்டினால்தான் பாதுகாப்பு என்பது இன்னொன்று. லாரிக்குச் சரி. பிலாய் ஆலையிலிருந்து 260 மீட்டர் நீளத் தண்டவாளங்கள் ரயிலிலேயே போகின்றன. ஒவ்வொன்றும் பதினைந்தரை டன்னுக்கு மேல், பல வேகன்களின் மீது ஒரே துண்டாகக் கிடக்கும். அவற்றை ஓர் இடத்தில் மட்டும் இறுகப் பிடித்து, மற்ற வேகன்களில் முன்பின் நகர விடுகிறார்கள். வளைவில் வேகன்கள் திரும்பும்போது தண்டவாளமும் கூடவே வளைந்து பிறகு நிமிர்ந்துகொள்ளும். அகலப் பாதையின் மிகக் கடுமையான 175 மீட்டர் ஆர வளைவில்கூட அந்த எஃகு தன் தாங்குதிறனில் கால் பங்கைத் தாண்டாது. எல்லா வேகனிலும் பூட்டினால் வளைவில் பூட்டு உடையும், இல்லை வேகன் தடம் புரளும்.

ரப்பர் பாய் வாங்கக் காசில்லை என்று எந்த ஒப்பந்தக்காரரும் என்னிடம் சொன்னதில்லை. நேரம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். வாடகை டன்னுக்கும் கிலோமீட்டருக்கும் பேசப்படுகிறது. சுமை கட்ட ஆகும் இரண்டு மணி நேரத்துக்கு யாரும் பைசா தருவதில்லை. அந்த நேரத்துக்கு டெண்டரில் தனித் தொகை போடுங்கள். ஏற்றிய யார்டின் பொறுப்பாளர் கட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போடட்டும். கட்டு சரியில்லை என்றால் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்ல டிரைவருக்கு எழுத்தில் உரிமை கொடுங்கள். அடுக்கியவர் யார்டிலேயே இருந்துவிடுகிறார், முன்னால் உட்கார்ந்து போவது டிரைவர்.