மறந்துபோன மெட்டல்

கேள்வி: மெட்டல் இசை என்றாலே வெளிநாட்டுச் சரக்குதானா? நம் பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆல்பமாவது உண்டா? (ஒரு வாசகர், பர்லியார்)

பதில்: உண்டு. பர்லியாரிலிருந்து மலையிறங்கி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. 1996இல் அங்கே தொடங்கிய ‘மதர்ஜேன்’ குழு 2008இல் வெளியிட்ட ‘மக்தூப்’ ஆல்பத்தைக் கேளுங்கள். தலைப்பு அரபுச் சொல்; ‘எழுதப்பட்டது’, அதாவது தலையெழுத்து.

பைஜு தர்மஜனின் கிடார்தான் இதன் உயிர். கிடாரில் ஒவ்வொரு சுரத்துக்கும் ‘ஃப்ரெட்’ கட்டை வைத்து வேலி போட்டிருக்கிறார்கள். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்துக்கோ வேலி ஆகாது. பைஜு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும், விரலை எடுக்காமல் வழுக்கியும் அந்த வேலியைத் தாண்டுகிறார். வீணைக்காரர் செய்கிற வேலைதான், டிஸ்டார்ஷன் இரைச்சலுக்குள் நடக்கிறது. ‘சேஸிங் தி சன்’ பாட்டில் தொடங்கலாம். பாடகர் சூரஜ் மணி கத்துவதில்லை, பாடுகிறார். மெட்டலுக்குப் பயந்தவர்களுக்கு அது ஆறுதல்.

ராக் ரசிகர்கள் இந்த ஆல்பத்தைக் கொண்டாடினார்கள். ஆனால் ஆங்கிலப் பாட்டு, சினிமாவிலும் இல்லை. நம் டீக்கடை வரை எப்படி வரும்? 2010இல் பைஜுவும் விலகிவிட்டார்.

மங்குஸ்தான் சீசனில் உங்கள் ஊர்ப் பழக்கடை ஓரம் பஸ் நிற்கும்போது, ஹெட்போனில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.