சுவாச நோயாளியை ஆற்றுப்படுத்தலும் சுவாசப் பயிற்சியும்
(சுகாதாரமும் உடற்கல்வியும் – தொற்றா நோய்கள்)



தொற்றா நோய்கள் என்ற பகுதியில் நீரிழிவையும் இதய நோயையும் நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள். நாட்பட்ட சுவாசத்தடை நோய் என்றதும் "புகைத்தலால் ஏற்படும்" என்ற ஒரு வரியோடு பேனாவை வைத்துவிடுகிறீர்கள். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் குறிப்பிடுகிறது. புகைத்தல் முக்கிய காரணம்தான். ஆயினும் விறகடுப்புப் புகையையும் சேர்த்து எழுதுங்கள். எனது அம்மம்மா ஒருநாளும் சுருட்டுப் பிடித்தவரல்லர். ஐம்பது வருடம் ஊதுகுழலால் அடுப்பூதியவர். கடைசிக் காலத்தில் கிணற்றடிக்குப் போவதற்கே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவார்.

தடை எங்கே உள்ளது?

ஆரோக்கியமான சுவாசப்பை விரிந்த பின் தானாகவே சுருங்கும். இந்நோயில் சிற்றறைகளின் சுவர்கள் சிதைவதால் அந்த மீள்தன்மை குறைகிறது. சிறு சுவாசக் குழாய்களும் வீங்கி ஒடுங்குகின்றன. வெளிச்சுவாசத்தின்போது அவை முன்னதாகவே மூடிக்கொள்வதால் பழைய வளி உள்ளே தேங்குகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் வார்க்க முடியுமா? "மூச்சை இழுக்க முடியவில்லை" என்று நோயாளி சொன்னாலும், அடிப்படைத் தடை வளியை வெளியேற்றுவதிலேயே உள்ளது. பலர் புள்ளியை இழப்பது இவ்விடத்திலேதான்.

இனிப் பயத்தைக் கவனியுங்கள். மூச்சு முட்டும்போது பயம் வருகிறது. பயத்தால் சுவாசம் வேகமாகிறது. வேகமானால் வெளிச்சுவாசத்திற்குக் கிடைக்கும் நேரம் குறைந்து, மேலும் வளி தேங்குகிறது, மேலும் முட்டுகிறது. இது ஒரு நச்சு வட்டம். ஆகவே, ஆறுதலளிப்பதும் சுவாசப் பயிற்சியும் ஒரே வேலையின் இரு பக்கங்களாகும்.

உதடு குவித்த சுவாசம்

நோயாளியைக் கதிரையில் இருத்தி, சற்று முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமீதோ மேசைமீதோ ஊன்றச் செய்யுங்கள். தோள்கள் தளர்ந்திருக்க வேண்டும். வாயை மூடி, மூக்கினால் இரண்டு எண்ணும்வரை உட்சுவாசம். பின் சீழ்க்கை அடிப்பதுபோல உதடுகளைக் குவித்து, நான்கு எண்ணும்வரை மெதுவாக வெளிச்சுவாசம். பலமாக ஊதக் கூடாது. குவித்த உதடுகள் சுவாசக் குழாய்களுள் சிறிது அமுக்கத்தைப் பேணுவதால் அவை மூடாமல் திறந்திருக்கும். தேங்கிய வளி வெளியேறும்.

நோயாளி அமைதியாக இருக்கும் வேளையிலேயே இதைப் பழக வேண்டும். முட்டும் நேரத்தில் புதிதாக எதையும் படிப்பிக்க இயலாது.

நீங்கள் செய்யக்கூடியது

"பயப்படாதேங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் பயம் போகாது. அருகில் இருந்து, "என்னோட சேர்ந்து மூச்சை விடுங்கோ அம்மம்மா" என்று நீங்களே செய்து காட்டுங்கள். அவரைப் பேச வைக்காதீர்கள். தலையசைத்துப் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். முகத்திற்கு விசிறுங்கள், முகத்தில் படும் குளிர்ந்த காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கும். மின்விசிறிதான் வேண்டுமென்றில்லை, பனையோலை விசிறியே போதும்.

இன்னொன்று: இருமலுக்கு வெட்கப்பட்டுக் கோயிலுக்கும் கலியாண வீட்டிற்கும் போகாமல் ஒதுங்குபவர்கள் பலர். இது காசநோயைப் போலத் தொற்றுவதன்று என்பதை வீட்டாரும் அயலாரும் அறிந்தாலே அவரது மனச்சுமை பெருமளவு குறையும்.

இப்பயிற்சி வைத்தியர் தந்த இன்ஹேலருக்கு மாற்றீடு ஆகாது. உதடு நீலமாதல், மயக்கநிலை, தடுமாற்றம், ஒரு வசனத்தைக்கூட முடிக்க இயலாமை என்பன தோன்றினால் பயிற்சி செய்து பார்த்துக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸ் சேவையை உடனே அழையுங்கள்.

மாதிரி வினா: உதடு குவித்த சுவாசம் இந்நோயாளிக்கு உதவுவது ஏன்? (2 புள்ளிகள்)
விடை: சுவாசக் குழாய்கள் முன்னதாக மூடுவதைத் தடுக்கும்; வெளிச்சுவாச நேரத்தை நீட்டித் தேங்கிய வளியை வெளியேற்றும்.
("ஒட்சிசன் கிடைக்கும்" என்று மட்டும் எழுதுவது போதாது.)

பயிற்சி வினா: உங்கள் அயல்வீட்டு முதியவர் மூச்சு முட்டுமென்ற பயத்தில் நடப்பதையே நிறுத்திவிட்டார். அவருக்கு நீங்கள் கூறக்கூடிய இரண்டு ஆலோசனைகளைக் காரணத்துடன் எழுதுக. (4 புள்ளிகள்)