தேங்காய் எண்ணெய் அடைப்பைக் கரைக்குமா?

கேள்வி: என் வயது 48. இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ., வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு 210, எச்.டி.எல். 41. ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்கிறார் டாக்டர். வீட்டில் ரேஷன் பாமாயிலும் தேங்காய் எண்ணெயும்தான் புழங்குகின்றன. செக்குத் தேங்காய் எண்ணெய் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா? இல்லை, எண்ணெயையே அடியோடு விட்டுவிடவா?

– வாசகி, சாயர்புரம்

பதில்: கரைக்காதம்மா. படிந்துவிட்ட அடைப்பைக் கரைக்கும் சமையல் எண்ணெய் எதுவும் கிடையாது. செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். அது நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைக் கொஞ்சம் ஏற்றுவது உண்மை. பலரும் இதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். கூடவே எல்.டி.எல்.லையும் ஏற்றிவிடுகிறது. குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிவது அந்த எல்.டி.எல்.தான். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு.

மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்கான ஐந்து அளவுகோல்களில் இடுப்பு, சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல். ஆகிய நான்கு உங்களிடம் இருக்கின்றன. ஐந்தாவது ரத்த அழுத்தம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாயின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடால்தான் குழாய் தளர்ந்து விரிகிறது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு சில மணி நேரம் அந்தத் திறன் மங்கும். மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களைப் போல இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலிலோ, சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தைவிட்டு நீங்கவே வெகுநேரம் ஆகும். காலைக் கொழுப்பு போய்முடியுமுன் மதியச் சாப்பாடு வந்துவிடுகிறது.

அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாறுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிறைவுறாத கொழுப்பு. உடலுழைப்பு குறைந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் எண்ணெய் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்திருக்கிறது. அது நாலைந்து தேக்கரண்டிதான். குழம்புக்கு அரைக்கும் தேங்காயையும் பாதியாக்குங்கள்.

எண்ணெயை அடியோடு விடுவதை நான் கடுமையாக மறுப்பேன். பசிக்கு அந்த இடத்தில் சோறுதான் கூடும். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றும். உங்கள் 210 இன்னும் ஏறும். ஸ்பெயினில் 7,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வில், ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேர்த்த உணவு முறையால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்தன. அதற்காக நீங்கள் ஆலிவ் எண்ணெய்க்குக் காசைக் கொட்ட வேண்டாம். உங்கள் தூத்துக்குடிக் கடலில் சாளை இருக்கிறதே! அதில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும். வாரம் இரண்டு நாள் சாளையோ அயிலையோ குழம்பு வையுங்கள், பொரிக்காதீர்கள்.

பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கடைகளில் அப்படிக் கெட்டுப்போன எண்ணெய்க்கு 2018 முதல் சட்டப்படியே வரம்பு உண்டு. வீட்டில் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

மூன்று மாதம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை டாக்டர் கொடுத்த மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.