அவசரமும் அயலானும்

நல்ல சமாரியன் உவமையை அறியாதார் நம்மில் இல்லை. அறிந்தவரெல்லாம் அதன்படி நடப்பாரா? அமெரிக்காவின் பிறின்ஸ்ரனில் டார்லி, பற்சன் என்னும் உளவியலாளர் இருவர் இதனை ஆராய்ந்து, 1973இல் முடிவை வெளியிட்டனர்.

இறையியல் மாணவர் 40 பேர், பேச்சு நிகழ்த்தவென ஒவ்வொருவராக அடுத்த கட்டிடத்துக்கு அனுப்பப்பட்டனர். சிலருக்குப் பேசுபொருளே அந்த உவமைதான். வழியில், ஆய்வாளர் ஏற்பாட்டின்படி, ஒருவன் தலைகவிழ்ந்து இருமி முனகியபடி சாய்ந்திருந்தான். நேரமிருந்தோருள் 63 வீதத்தினர் உதவினர்; மிக அவசரப்படுத்தப்பட்டோருள் 10 வீதத்தினரே உதவினர். உவமையைப் பேசச் சென்றமை குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை.

கடந்து சென்றோர் கல்நெஞ்சரல்லர். சிலர் கலக்கத்துடனேயே போய்ச் சேர்ந்தனர். தம்மை எதிர்பார்த்திருப்போருக்குத் தாமதமாகிவிடுமே என்ற எண்ணமும் அவர்களை இழுத்திருக்கலாம்.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு இரக்கத்தைப் போதிப்பதோடு, பத்து நிமிடம் முந்திப் புறப்படவும் பழக்குவோமாக.